முதலில் மோட்டாரைக் கவனியுங்கள்

இசைத்தட்டு சுழலும்போது பாட்டுக்கு அடியில் மெல்லிய உறுமல் கேட்டால், பலரும் பழிபோடுவது ஊசியின் மீதுதான். புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கிப் பொருத்திய பிறகும் உறுமல் போவதில்லை. பல வேளைகளில் குற்றவாளி, தட்டைச் சுழற்றும் மோட்டார்.

பள்ளத்தின் நெளிவு எது, மோட்டாரின் நடுக்கம் எது என்று ஊசிக்குத் தெரியாது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் மின்சாரமாக்கிவிடும். அதோடு, இசைத்தட்டில் அடித்தொனிகளைக் குறைத்தே பதிவு செய்கிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அவற்றை உயர்த்துகிறது. 20 ஹெர்ட்ஸில் இந்த உயர்வு சுமார் 19 டெசிபல். மோட்டாரின் நடுக்கமும் அதே உயர்வைப் பெற்றுத்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது.

இதற்கு அழகான தீர்வைத் தந்தவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். 1961இல் அவரது அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட டர்ன்டேபிளில், தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் அமர்ந்து மூன்று ஸ்பிரிங்குகளில் மிதந்தன. மோட்டார் அந்தச் சட்டத்தைத் தொடவே இல்லை. மோட்டாரையும் தட்டையும் இணைத்தது ஒரு ரப்பர் பெல்ட் மட்டும். கிளாஸ்கோவின் லின் எல்பி12 பின்னர் புகழ்பெற்றதும் இதே வழியில்தான்.

இங்கிலாந்தின் ரேகா வேறு வழியில் போனது. ஸ்பிரிங் கிடையாது, நடுக்கத்தை மோட்டாரிலேயே குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் பயன்படுத்தும் சின்க்ரோனஸ் மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றுக்குப் போகும் மின்னோட்டங்கள் சரியாக 90 பாகை விலகியிருந்தால் சுழற்சி சீராக இருக்கும். பழைய பிளேயர்களில் அந்த விலகலைத் தருவது ஒரு சிறிய கப்பாசிட்டர். அது வயதாகித் தளர்ந்தால் மோட்டார் அதிரத் தொடங்கும்.

ஆகவே பழைய பிளேயருக்கு அடியில் கடப்பாக்கல் வைப்பதை மட்டும் நம்புவது வீண். கல், தரையின் அதிர்வைத் தடுக்கலாம். மோட்டார் இருப்பதோ கல்லுக்கு மேலே, ஊசியோடு ஒரே பெட்டியில். மோட்டாரைத் தாங்கும் இறுகிப்போன ரப்பர் புஷ்களை மாற்றுவதும், காய்ந்த பேரிங்குக்கு எண்ணெய் விடுவதும், கப்பாசிட்டரைப் புதுப்பிப்பதும் செலவு குறைவு, பலன் அதிகம்.

பெல்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் கார்ட்ரிட்ஜ் வாங்கக் கிளம்புமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒலியை முழுதும் குறைத்து, பெல்ட்டைக் கழற்றி, நிற்கும் இசைத்தட்டில் ஊசியை வைத்து மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். பிறகு ஒலியை மெதுவாக ஏற்றுங்கள். உறுமல் கேட்டு, ஊசியைத் தூக்கியதும் அது நின்றால், சரிசெய்ய வேண்டியது மோட்டாரைத்தான்.