ஆங்கிலம் கற்பிக்கத் தமிழ் தெரிய வேண்டும்

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி ஒன்றியமானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறெந்த ஒன்றியமானாலும் சரி, நான்காம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கில நோட்டில் 'ஹி கோ டு ஸ்கூல்' என்ற வாக்கியத்தைப் பார்க்கலாம். 'கோ'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். மேலே 'கோஸ்' என்ற திருத்தம். பக்கத்தில் 'ஐந்து முறை எழுது' என்ற கட்டளை. பிள்ளை எழுதிக் காட்டிவிடும். அடுத்த வாரம் அதே பிள்ளை 'ஷி கோ டு மார்க்கெட்' என்று எழுதும்.

ஆசிரியர் அலுத்துப்போகிறார். பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நமக்கு ஆங்கிலம் வராது என்று பிள்ளையும் முடிவு கட்டிவிடுகிறது. இப்படி ஆக வேண்டியதே இல்லை என்று மொழியியல் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. அந்தச் செய்தி நம் தொடக்கப் பள்ளி வகுப்பறைக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

1957இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ, தாய்மொழியையும் புதிய மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மாணவருக்கு எது எளிது, எது கடினம் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்றார். பத்து ஆண்டு கழித்து பிரிட்டனின் பிட் கார்டர் அதைவிட ஒரு படி மேலே போனார். பிழையைக் குற்றமாகப் பார்க்காதீர்கள், மாணவரின் மனத்தில் இப்போது எந்த விதி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று என்றார். 1972இல் லாரி செலிங்கர் இந்த இடைப்பட்ட நிலைக்குப் பெயரே வைத்தார். தமிழில் இடைமொழி எனலாம். அது தாய்மொழியும் அல்ல, முழுமையான ஆங்கிலமும் அல்ல. ஆனால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு.

அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் 'ஹி கோ' வேறு மாதிரி தெரியும். 'அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது, நாங்கள் வந்தோம்' என்று எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றை மாற்றிப் பேசும் பிள்ளை அது. ஆங்கிலம் கேட்பதைவிடப் பல மடங்கு நுட்பமான இயைபைப் பள்ளிக்கு வருமுன்பே கைவசம் வைத்திருக்கிறது. எனவே கருத்து புரியாமல் அது தடுமாறவில்லை. 1974இல் ஹைடி டுலே, மரினா பர்ட் இருவரும் ஸ்பானியம் பேசும் பிள்ளைகளும் சீனம் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கும் போக்கை ஒப்பிட்டார்கள். தாய்மொழி வேறு வேறாக இருந்தும், இலக்கண உருபுகள் பிடிபட்ட வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 'கோயிங்' என்பதில் வரும் 'இங்' முந்தி வந்தது. 'கோஸ்' என்பதில் வரும் 'ஸ்' பிந்தி வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கும் அந்த 'ஸ்' தாமதமாகவே வருகிறது என்று 1973இல் ரோஜர் பிரவுன் காட்டியிருந்தார். இம்போசிஷன் எழுதி இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

இன்னொரு பிள்ளை 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்று எழுதுகிறது. இதுவும் பிழைதான். ஆனால், இறந்த காலத்துக்கு ஓர் ஒட்டைச் சேர்க்க வேண்டும் என்ற விதியை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 'கோட்' என்ற சொல் வராது. யோசித்த பிள்ளைக்குத்தான் வரும்.

வேறு சில பிழைகள் நேரே தமிழிலிருந்து வருபவை. அவற்றைப் பிரித்தறியத்தான் ஆங்கில ஆசிரியருக்குத் தமிழின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். 'ஐ மேங்கோ ஈட்' என்பது எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நம் வரிசை. 'மை நேம் கண்ணன்' என்பது 'என் பேர் கண்ணன்' என்ற, வினைச்சொல்லே தேவைப்படாத தமிழ் வாக்கியம். நாம் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபைச் சேர்க்கிறோம்; ஆங்கிலம் அந்த வேலைக்குப் பெயரின் முன்னால் தனிச்சொல்லை வைக்கிறது. 'எ', 'தி' போன்ற சொற்கள் எங்கே வரும் என்பதற்கு நம்மிடம் நேரான இணையே இல்லை. இரு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி முதல் மூன்றையும் விளங்கவைக்கலாம். கடைசியானது பல ஆண்டுகள் படித்தும் கேட்டும் பழகித்தான் படியும்.

ஒலியிலும் இதே கதைதான். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்காது. வல்லின மெய்யில் சொல் முடிவதையும் ஏற்காது. மொழிக்கு முதலில் வரும் எழுத்து எது, இறுதியில் வரும் எழுத்து எது என்று தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமே வரையறுத்துச் சொல்கிறது. ராமன் இராமன் ஆனதும், ஸ்லோகம் சுலோகம் ஆனதும் இத்தகைய வரம்புகளால்தான். 'இஸ்கூல்' என்றும் 'புக்கு' என்றும் சொல்லும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அந்த மரபையே பின்பற்றுகிறது. 'தப்பு' என்று அதட்டுவதால் பயன் இல்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, மூச்சு விடாமல் 'கூல்' சேர்க்கச் சொன்னால் முன்னால் ஒட்டிய 'இ' மெல்ல உதிரும்.

'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப'வும் இரண்டாம் 'ப'வும் ஒரே ஒலி அல்ல. மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் குழைந்து ஒலிக்கிறது. இரண்டுக்கும் ஒரே எழுத்து போதும், ஏனென்றால் தமிழில் அந்த வேறுபாட்டை இடமே தீர்மானித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பன்றிக்கான சொல்லையும் பெரியது என்பதற்கான சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே வரும். உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் கைடுகள் பிள்ளைக்கு உதவுவதுபோலத் தோன்றினாலும், கேட்டுப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் காதை மூடிவிடுகின்றன. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து இரண்டு சொற்களையும் ஆசிரியர் சொல்லிக் காட்டலாம். பன்றியைச் சொல்லும்போது காகிதம் நன்றாக ஆடும். மற்றதற்கு அவ்வளவாக ஆடாது. இதற்கு ஸ்மார்ட் வகுப்பு தேவையில்லை.

பிழையைப் புரிந்துகொள்வது பாதி வேலைதான். மொழி வளரப் போதுமான அளவு அது காதில் விழ வேண்டும், அதுவும் பொருளோடு விழ வேண்டும். நாளுக்கு 40 நிமிடப் பாடவேளை, ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 133 மணி நேரம். தாய்மொழி கற்கும் குழந்தை நாளுக்குப் பத்து மணி நேரம் விழித்திருந்தால், ஆண்டுக்கு 3,650 மணி நேரம் அந்த மொழிக்குள்ளேயே வாழ்கிறது. சின்ன வயதிலேயே ஆரம்பித்தால் ஆங்கிலம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கை மறந்துவிடுகிறது. கிடைக்கும் 133 மணி நேரத்திலும் பெரும்பகுதி வரிக்கு வரி பொருள் சொல்வதிலும் கேள்வி பதிலை எழுதிப்போடுவதிலும் போய்விட்டால், பிள்ளையின் காதில் விழும் ஆங்கிலம் எவ்வளவு மிஞ்சும்?

இதற்கு விடை தேடிய முயற்சிகளில் உலகம் அறிந்த ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1950களிலிருந்து சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி வாய்விட்டுச் சொல்லவைக்கும் பாடத்திட்டம் இருந்தது. அதற்காக ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெரும் இயக்கமும் நடந்தது. 'திஸ் இஸ் எ பென்' என்று வகுப்பே சேர்ந்து சொல்வது அந்தக் காலத்தின் அடையாளம். வகுப்பில் சரியாகச் சொன்ன மாணவர் வெளியே ஒரு தேவைக்குப் பேச முடியாமல் நின்றதை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு கவனித்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் அவரும் நண்பர்களும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். இலக்கணத்தை வரிசையாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணவேண்டிய பணிகளைத் தந்தார்கள். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் ஒரு பணியைச் செய்வார். பிறகு அதேபோன்ற ஒன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். மதிப்பெண் விடையின் பொருளுக்கு. மொழிப் பிழையைப் போகிற போக்கில் திருத்திவிட்டு மேலே போனார்கள்.

பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த முயற்சியை மதிப்பிட்டு 1985இல் வெளியிட்டார்கள். இலக்கண அமைப்பைத் தனியாகச் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். படித்துப் புரிந்துகொள்வதிலும், சூழலோடு மொழியைக் கையாள்வதிலும் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் படிக்கும் முறையின் முக்கியமான வேர் பிரபுவின் இந்த முயற்சி. 1987இல் அது புத்தகமாகவும் வந்தது.

இதை எருமப்பட்டிக்குக் கொண்டுவருவது கடினமல்ல. நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது. ஒரு வாரத்து விலையை ஆங்கிலத்தில் அட்டவணையாக எழுதிப்போட்டு, எந்த நாளில் அதிகம், முந்தைய நாளைவிட எவ்வளவு கூடியது, ஓர் அட்டைக்கு 30 முட்டை என்றால் ஆறு அட்டையின் விலை என்ன என்று ஆங்கிலத்திலேயே கேட்கலாம். நாமக்கல்லுக்கும் துறையூருக்கும் போகும் பேருந்துகளின் நேரத்தை வைத்து இன்னொரு பாடம் நடத்தலாம். கோழிப்பண்ணையிலோ லாரிப் பட்டறையிலோ வேலைசெய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பொருளின் வழியாக வரும் ஆங்கிலம் புரியும். புரிந்த ஆங்கிலம்தான் தங்கும். பிள்ளை 'ஹி கோ டு துறையூர்' என்று விடை சொன்னால், 'எஸ், ஹி கோஸ் டு துறையூர்' என்று ஆசிரியர் திருப்பிச் சொன்னாலே போதும். சரியான வடிவம் காதில் விழும், பேச்சும் நிற்காது.

இங்கிலீஷ் மீடியம் என்ற பெரிய கேள்விக்கும் இதே அறிவு தேவை. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோரின் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலம் இல்லாமல் எந்தெந்தக் கதவு மூடிக்கிடக்கும் என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். ஆனால் கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் முக்கியமான ஒரு வேறுபாட்டைச் சொன்னார். விளையாட்டிலும் கடையிலும் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது. அறிவியலும் வரலாறும் படிக்கும் ஆங்கிலம் வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது. அதுவும் தெருவெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டில். எருமப்பட்டிப் பிள்ளைக்கு அந்தத் தெரு கிடையாது. தாய்மொழியில் ஊன்றிய வாசிப்பும் சிந்தனையும் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கம்மின்ஸின் இன்னொரு முடிவு. தமிழைச் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பின் கதவு பாதி திறந்தாயிற்று. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டதில் இந்த வாய்ப்பு இருக்கிறது.

இதே மாவட்டத்தின் பண்ணைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஒடிசா, பிகார் போன்ற மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாம் மொழி. ஆங்கிலப் பாடத்தில் நம் பிள்ளை படும் பாட்டை அவர்கள் எல்லாப் பாடத்திலும் படுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டில் இந்தி பேசும் பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்று தெரிந்த ஆசிரியர், அதை மந்தம் என்று எண்ணமாட்டார். இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இவ்வளவும் ஆசிரியரின் தலையில் இன்னொரு சுமையாக ஏறக் கூடாது. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் நடத்துகிறார். பதிவேடும் செயலியும் வேறு இருக்கின்றன. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர்களும் பெரும்பாலும் கவிதை, நாடகத் தாள்களைப் படித்து வந்தவர்கள்தான். ஆகவே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், ஆங்கிலப் பாட ஆசிரியர் கையேட்டில் தமிழ்–ஆங்கில ஒப்பீட்டுக்கு ஒரு தனிப் பகுதியைத் தமிழிலேயே எழுதித் தர வேண்டும். எந்தப் பிழை தமிழிலிருந்து வருகிறது, எது வளர்ச்சியின் படி, எதை உடனே திருத்தலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று வகுப்பு வாரியாக அதில் இருக்க வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பின் பத்து நோட்டுகளைக் கொண்டுவந்து, பிழைகளை ஒன்றாக உட்கார்ந்து வகைபிரித்து, மறுநாள் வகுப்பில் எதை எடுப்பது என்று முடிவுசெய்யட்டும். எருமப்பட்டி ஒன்றியத்தின் பள்ளிகள் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். இதற்கு வேண்டிய நோட்டுகள் ஏற்கெனவே ஆசிரியர்களின் மேசைமேல்தான் இருக்கின்றன.