எட்டு மணி மேட்ச்... கடைசி ரயில் யாருக்கு?

சென்னையின் எஃப்சி அணியின் சொந்த மைதானமான நேரு ஸ்டேடியம், சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பெரியமேட்டில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ரசிகர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? மூர் மார்க்கெட்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். சிக்கல், திரும்பி வருவதில்தான்.

2023-24 ஐஎஸ்எல் சீசனில் ஒளிபரப்பு ஸ்டாரிடமிருந்து வயாகாம்18-க்கு மாறியது. 7.30 மணி ஆட்டம் 8 மணிக்குப் போனது. அரை மணி நேரம்தானே என்று தோன்றும். டி.வி. பார்ப்பவருக்கு அது சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். விளம்பரத்துக்கும் அதுதான் தோது. ஆனால் 90 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், கூடுதல் நிமிடங்கள் எல்லாம் சேர்ந்தால் கடைசி விசிலுக்கு மணி பத்தை நெருங்கிவிடும். கும்மிடிப்பூண்டிக்கோ 45 கிலோமீட்டருக்கு மேல். அந்நேரத்தில் புறநகர் ரயில்களும் குறைந்துவிடும். சிப்காட்டில் காலை ஷிஃப்ட் இருந்தால், 80-வது நிமிடத்திலேயே கிளம்ப வேண்டியதுதான். கோல் விழுந்த சத்தம் ரோட்டில்தான் கேட்கும்!

ஜெர்மனியில் 2017-18-ல் திங்கட்கிழமை ஆட்டங்களைப் புகுத்தினார்கள். மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது என்று கொதித்த ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள், டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தையே தாமதப்படுத்தினர். 2021-22 முதல் அந்தத் திங்கட்கிழமை ஆட்டங்கள் இல்லை.

இங்கே பந்து எதுவும் பறக்காமலே 2024-25-ல் நேரம் மீண்டும் 7.30 ஆனது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால், முதலாவது மாலையிலேயே தொடங்கிவிடும். அது சென்னைக்கு அமைந்தால்தான், திருவள்ளூர் அப்பாக்கள் பிள்ளைகளையும் தைரியமாகக் கூட்டிவர முடியும்.