கடையில் இடமுண்டு, கணிப்பொறியில்?

கீழக்கரைப் பிள்ளை பர்மா பஜாருக்கு வந்தால் ஊர்க்காரர் யாராவது கடையில் நிறுத்திவிடுவார். அதே பிள்ளை கணிப்பொறிப் பட்டத்துடன் கே.கே. நகரில் அறை எடுத்தால், பக்கத்திலுள்ள ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி கம்பெனிகளில் அவனுக்காகச் சொல்ல ஆளில்லை. 2007-ல் கலைஞர் அரசு தந்த 3.5 விழுக்காடு முஸ்லிம் இடஒதுக்கீடு கல்விக்கும் அரசு வேலைக்கும்தான். தனியார் கம்பெனி வேலைக்குச் செல்லாது. அங்கே வேலை பார்ப்பவர் பரிந்துரைத்தால் விண்ணப்பம் சீக்கிரம் கண்ணில்படும். நம்மவர்களும் உள்ளே இருக்கிறார்களே! ஜும்ஆவில் ஸலாம் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். சிலர் 'எந்த ஊர்?' என்று கேட்ட பிறகுதான் முகம் கொடுக்கிறார்கள்.

வியாபாரிகளே! உங்கள் கடையின் பில், சரக்குக் கணக்கு வேலையை இவனிடம் கொடுத்துப் பாருங்கள். 'இதுவரை என்ன செய்திருக்கிறாய்?' என்று இன்டர்வியூவில் கேட்டால் காட்ட அவனுக்கு ஒன்று வேண்டும். கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், இனாமாகக் கேட்காதீர்கள்.