தியாகம் என்னும் திரை

மலையகம் பற்றி எழும் மேடைப் பேச்சுகளிலும் கவிதைகளிலும் தவறாது தோன்றும் உருவம் ஒன்றுண்டு. கடல் கடந்து வந்து, கூடை சுமந்து, தன்னைத் தேய்த்துக் குடும்பத்தை நிலைநிறுத்திய தாயின் உருவமே அது. அவள் போற்றுதற்குரியவள் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் அப்போற்றுதல் எதனை மறைக்கின்றது என்பதே எமது வினா. உழைப்பைத் தியாகம் என்று பெயரிட்டு அழைத்தபின் கூலியைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லாது போகின்றது.

வரலாற்றை நோக்குவோம். கோப்பிக் காலத்திலே கண்டிச் சீமைக்கு வந்தோரிற் பெரும்பாலோர் ஆடவர்; பருவம் முடிய ஊர் திரும்பியோர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகளை வேண்டி நின்றது. ஆகவே பெண்கள் வந்தனர். லயங்களிலே குடும்பங்கள் வேரூன்றின. டெய்லரை யாவரும் அறிவர். அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்களோ செக்ரோலுக்கு வெளியே எழுதப்படவில்லை.

செக்ரோலிலாவது நீதி இருந்ததா? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி நாள் முழுதும் நின்றவளுக்குக் கொழுந்தின் நிறை குறைந்தால் விழுந்தது ‘அரைப்பேர்’. நிறை குறையாத நாளிலும் ஆணுக்குரிய நாட்சம்பளம் அவளுக்கில்லை. 1984இலேதான் அது சமமாயிற்று. அவளது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுச் செல்லும் வழக்கமும் நிலவிற்று.

தாய்மையைப் போற்றிய சமூகம் அத்தாய்மைக்குச் சட்டத்தில் அளித்த இடம் யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மணவுறவிற் பிறந்த பிள்ளையின் வமிசாவழிக் குடியுரிமையைத் தந்தைவழியே கணித்தது. தாய் கணக்கில் வரவில்லை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அவளுக்கும் அந்த உரிமை கிட்டியது. இதனிடையே, 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னார் நோக்கிப் புகையிரதம் ஏறிய குடும்பங்களிலே பிரிவுத்துயரைச் சுமந்த தாயரின் கருத்தை எந்த அரசும் கேட்கவில்லை.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்த விதியன்று. அதே 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து பலர் பிரித்தானியாவில் வந்திறங்கினர். பின்வந்த பெண்களும் அந்நாட்டு மருத்துவமனைகளிலே உழைத்துப் பேரப்பிள்ளைகளைக் கண்டனர். ஆயினும் அந்தத் தலைமுறையினர் பலரிடம் பத்திரம் எங்கே எனக் கேட்டு அல்லற்படுத்திய செய்தி 2018இல் உலகறிய வெளிவந்தது. உழைப்பை ஏற்று உரிமையை மறுக்கும் நியாயம் எங்கும் ஒன்றே.

‘இவை பழங்கதை, சட்டங்கள் திருந்திவிட்டன’ என்பார் உளர். சட்டம் திருந்தியது உண்மை. எனினும் தோட்டத் தொழிலாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருக்க, சங்கத் தலைமைப் பீடங்களில் ஆடவரே நிறைந்திருப்பது ஏன்? சந்தா செலுத்தும் கை பேசும் வாயாக மாற எதிர்ப்பு எங்கிருந்து வருகின்றது? ‘பொறுமையின் வடிவம்’ என்று அவளைப் புகழ்வோரே அவள் பொறுமையிழப்பதை விரும்பாதோராயும் உள்ளனர்.

மீனாட்சியம்மையார் இவ்வாறு பொறுத்திருந்தவரல்லர். கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டந்தோறும் சென்று, இந்தியத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாகப் பாடினார். 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். புகழுரை கேட்டு அமர்ந்திராது நியாயம் கேட்ட தாய் அவர். எனினும் நமது இலக்கிய வரலாறுகள் அவரை எத்தனை வரிகளிலே கடந்து செல்கின்றன!

பேராதனை விடுதிகளுக்கு மேலே ஹந்தானைச் சரிவுகள் நாள்தோறும் எம் கண்ணிற் படுகின்றன. அச்சரிவுகளையொத்த மலைகளிலிருந்து வந்த மாணவரும் எம்மிடையே பயில்கின்றனர். அவர்தம் பாட்டியர் பெற்ற கூலி எவ்வளவு, இழந்த பத்திரம் எது, பிரிந்த உறவு யார் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். தாய்மைக்கு இன்னுமொரு கவிதை பாடுமுன் அந்தக் கணக்கை எழுதி முடிப்போம்.