நல்லிறைச்சியும் நியாய விலையும்

மாமிசம் உண்போர்க்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டுவன இரண்டு: இறைச்சி நல்லதாயிருத்தல் வேண்டும்; விலை கையைச் சுடாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தல் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் அரிதாகி வருகின்றதென்று பலரும் முறையிடக் கேட்கின்றோம். முறையீடு பெரும்பாலும் விலையைப் பற்றியே எழுகின்றது. எம் கருத்தோவெனின், விலையினும் நலத்தைப் பற்றியே நாம் மிகுதியும் கவலை கொள்ளற்பாலம் என்பதாம்.

புலால் மறுத்த அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. திருவள்ளுவர் தினத்தன்றும் வள்ளலார் நினைவு நாளன்றும் நம் மாநிலத்தில் இறைச்சிக் கடைகள் அடைக்கப்படுகின்றன, அது தக்கதே. ஏனைய நாட்களில் பெரும்பாலும் அவை திறந்தே இருக்கின்றன. திறந்திருக்கும் கடை தூயதாயிருத்தல் வேண்டும் என்பதில் அவர்களுக்கும் எமக்கும் வேற்றுமை இராதென்றே நம்புகின்றோம்.

இந்நாடு ஆட்டுச் செல்வத்திற்குப் புதியதன்று. பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவினின்றும் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, மறு ஆண்டிலேயே பெரம்பலூருடன் மீண்டும் சேர்க்கப்பெற்று, 2007இல் திரும்பவும் தனியாயிற்று. எல்லைகள் இங்ஙனம் மாறி மாறி வரையப்பட்டபோதிலும், ஆடு தன் இடத்தை விட்டு அகலவில்லை. கால்நடை நூலார் திருச்சி கருங்குறும்பை என வகுத்துக் கூறும் கரிய செம்மறியினத்தின் தாயகங்களுள் இவ்விரு பகுதிகளும் அடங்கும். 2011ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்கட்கு நந்நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கிய அரசாங்கத் திட்டமும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும் ஆடு மேய நிலம் வேண்டுமன்றோ? அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளை வரவழைத்தது. சுரங்கம் தோண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை. மேய்ப்பவரின் மைந்தரும் கோலைப் பிடிக்க விரும்பாமல் நகரங்களை நாடுகின்றனர். விலை ஏறியதற்குக் காரணம் தேடுவோர் கடைக்கு முன்பாகக் காட்டிற்கே செல்லுதல் வேண்டும்.

கோழியின் கதை இன்னும் வியப்பிற்குரியது. மக்காச்சோளம் விளைவிப்பதில் பெரம்பலூர் தமிழ்நாட்டில் முன்னணியில் நிற்பது. அச்சோளம் மூட்டை மூட்டையாக நாமக்கல் முதலிய ஊர்களுக்குச் சென்று தீவனமாகின்றது; பிராய்லர் கோழி வளர்க்கும் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே போகின்றது. பண்ணைக் கொள்முதல் விலையோ பல்லடத்தில் நிர்ணயிக்கப்படுகின்றது. நம் வயலினின்று சென்ற தானியம் கோழியாகி நம்மிடமே திரும்பி வருகின்றது. எனினும் அதன் விலையைச் சொல்லும் வாய் நம்முடையதன்று. 2018ஆம் ஆண்டில் படைப்புழு இங்குள்ள சோளக்கொல்லைகளைப் பாழாக்கியபோது உழவர் பட்ட துயரத்தை நாம் கண்டோம். இப்பொழுது எத்தனால் வடிக்கவும் சோளம் வாங்கப்படுதலின் உழவர்க்குச் சிறிது நன்மை உண்டு. கோழி வாங்குவோர்க்கு அதுவே சுமையாகின்றது.

இனி ஆட்டுக்கறியின் கணக்கைப் பார்ப்போம். உயிரோடு 20 கிலோ நிறையுள்ள கிடாயை அறுத்தால், எலும்போடு கூடிய கறி ஏறக்குறைய 9 அல்லது 10 கிலோவே தேறும். ஆகவே உயிரெடைக்குக் கொடுத்த விலையைப் போல் இருமடங்கிற்கு விற்றாலன்றிக் கடைக்காரருக்கு முதலே திரும்பாது. தலை, கால், குடல், ஈரல், இரத்தம் ஆகியவற்றால் சிறிது வரும். முன்னாளில் அறுப்புக் கூலிக்குத் தோல் ஈடாயிற்று. இந்நாளில் தோலைக் கேட்பாரே அரிது. இவற்றையெல்லாம் எண்ணாது கசாப்புக்காரரைக் கொள்ளைக்காரரென வைதல் முறையன்று. முத்திரையிடப்பெறாத தராசு, நீரில் ஊறவைத்து நிறை கூட்டிய கறி, கிடாயென்று சொல்லிக் கொடுக்கும் கிழட்டுப் பெட்டை ஆகிய இவற்றிற்காக வைதால் யாமும் உடன் சேர்ந்து வைவோம்.

அயற்கடைகளினும் மிகக் குறைத்து விற்கப்படும் கறியைக் கண்டால் யாம் மகிழ்வதில்லை, அஞ்சுகின்றோம். நோயால் சாகுந் தறுவாயிலுள்ள ஆடு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அடைப்பான் நோய் கண்ட ஆட்டை அறுப்பவர்க்கும் தொடுபவர்க்கும் அந்நோய் பற்றும். இதனினும் ஓசையின்றி நிகழும் தீங்கு ஒன்றுண்டு. சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கொப்புளங்கள் காணப்படும். அவை ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுகள் தங்கும் பைகள். கடைக்காரர் அவ்வீரலை அரிந்து, காத்திருக்கும் தெருநாய்க்கு எறிகின்றார். நாயின் குடலில் புழு வளர்கின்றது. அதன் முட்டைகள் மலத்தோடு மண்ணிலும் புல்லிலும் கலக்கின்றன. புல்லைத் தின்ற ஆட்டிற்கும், மண்ணளைந்த கையோடு உண்ட குழந்தைக்கும் அதே கொப்புளம் உண்டாகின்றது. கறியை நன்றாக வேகவைத்தாலும் இத்தீங்கு நீங்காது. ஏனெனில் அது கறியின் வழியாக வருவதன்று, எறிந்த ஈரலின் வழியாக வருவது. இறைச்சி உண்ணாத வீட்டுக் குழந்தையும் இதற்கு விலக்கன்று.

இதற்காகவே ஆட்டுத்தொட்டியும் கால்நடை மருத்துவரின் சோதனையும் ஏற்பட்டன. அறுக்குமுன் ஆட்டையும், அறுத்தபின் அதன் உள்ளுறுப்புகளையும் பார்த்து, நல்லதாயின் தொடையில் முத்திரை குத்துவர். தொட்டி அமைக்கவும், கண்ட இடத்தில் அறுத்தலைத் தடுக்கவும் நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டின் சட்டமே அதிகாரம் தந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையிலிருக்கின்றது. சட்டத்திற்குக் குறைவில்லை. முத்திரை எங்கேயென்று கேட்கும் வாங்குவோர்க்கே குறைவு. ஆட்டின் வாலை விட்டுத் தொங்கவிட்டிருக்கின்றாரா, வெள்ளாடா செம்மறியா என்று நுணுகிப் பார்க்கும் நம்மவர், தொடையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

'அன்றறுத்தது' என்னும் சொல்லிலும் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்த கறி பழங்கறியென்று இகழப்படுகின்றது. வெப்பம் மிகுந்த வேளையில் சில கிருமிகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்க வல்லவை. அங்ஙனமாயின் ஒன்று 3 மணி நேரத்தில் 512 ஆகும். சித்திரை வெயிலில், பேருந்துப் புழுதிபடக் காலை முதல் நண்பகல்வரை தொங்கிய கறி அன்றறுத்ததுதான். எனினும், தூய்மையாக அறுத்து உடனே 4 பாகைக்குக் குளிர்வித்து மறுநாள் விற்பதே அதனினும் மேலானது.

விலைக்கு வழி யாதெனின், நம் கிராமத்தார் நெடுங்காலமாக அறிந்த பங்குக்கறியே என்போம். பண்டிகை நாட்களில் சில குடும்பத்தார் பணம் சேர்த்து ஒரு கிடாயை வாங்கி, அறுத்துக் கூறுபோட்டுக் கொள்வர். தரகும் கடைவாடகையும் இல்லை. ஈரலில் துண்டும் எலும்பில் துண்டுமாக எல்லாக் கூறும் ஒத்திருக்கும். இம்முறையின் குறை, சோதனை இல்லாமையே. ஆட்டைத் தொட்டிக்குக் கொண்டுசென்று கட்டணம் செலுத்தி அறுப்பித்தால் அக்குறையும் தீரும். விடுதிகளும் அலுவலகத்தாரும்கூட இதனைச் செய்யலாம்.

சென்ற தீபாவளிக்கு யாங்கள் எட்டுக் குடும்பத்தார் கூடி 22 கிலோ கிடாய் ஒன்றை வளர்த்தவரிடமே வாங்கினோம். கறி 10 கிலோ தேறிற்று. கூறொன்றுக்கு ஒன்றேகால் கிலோ. கடைவிலையினும் குறைவாகவே முடிந்தது. கிடாயை விற்ற மூதாட்டியாரும் தரகர் கேட்டதினும் அதிகம் பெற்றதாகச் சொன்னார். முத்திரை மட்டும் கிடைத்திலது, அன்று விடுமுறை. ஆதலின் ஈரலை யாங்களே அரிந்து பார்த்து, கழிவனைத்தையும் நாய்க்கெட்டாத ஆழத்தில் குழிதோண்டிப் புதைத்தோம். அடுத்த முறை பண்டிகைக்கு முந்தின நாளே ஆட்டை மருத்துவரிடம் காட்டுவதென்று பேசி வைத்திருக்கின்றோம்.