தலையாட்டுவது ஒப்புதல் ஆகாது



ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு. வயது இருபதைத் தாண்டியிருக்கும். வாளியைத் தூக்கு என்றால் தூக்குவான். கடைக்குப் போ என்றால் போவான். மீதிக் காசை எண்ணி வாங்கத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று தலையாட்டுவான். லயத்துப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். தாய்க்குத்தான் நெஞ்சில் நெருப்பு.

அந்தப் பிள்ளையிடம் ஒருவன் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "இதை அங்கே சேர்த்துவிடு" என்றால் என்ன ஆகும்? பிடிபட்ட பிறகு நான்கு பேர் சூழ்ந்து நின்று, "இதில் இருப்பது என்னவென்று உனக்குத் தெரியும் அல்லவா?" என்றால் என்ன சொல்வான்? தலையாட்டுவான். அந்தத் தலையாட்டல் எழுத்தில் ஏறும், எழுத்து வழக்காகும். இதை யாரோ எவருக்கோ நேர்வது என்று நாம் தள்ளிவிட முடியாது.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்தை நாம் மறந்துவிடலாகாது. 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெரோயின் இருந்தது. சிங்கப்பூர்ச் சட்டப்படி 15 கிராமைத் தாண்டினாலே தூக்கு. 2010-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நடந்த பரிசோதனையில் அவருடைய அறிவுத்திறன் எண் 69 என்று வந்தது.

2013 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்தது. பொருளைச் சுமந்தவர் மட்டுமே என்பதையும், மனக்குறை தம் பொறுப்புணர்வைப் பெரிதும் குன்றச் செய்தது என்பதையும் நிரூபித்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் சிறை. ஆனால் நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். அந்தக் கதவு நாகேந்திரனுக்குத் திறக்கவில்லை. அவருடைய அறிவுத்திறன் எல்லைக்கோட்டில் உள்ளது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு அல்ல என்று நீதிமன்றம் கண்டது. பொட்டலத்தை மறைத்தார், பாதுகாப்பு வேலை பார்ப்பதாகக் கூறிச் சோதனையைத் தவிர்க்கப் பார்த்தார், ஆகவே செய்வது இன்னதென்று அறிந்தே செய்தார் என்றது. அவர் சொன்ன கதை மாறி மாறி வந்ததும் அவருக்கு எதிராகவே போயிற்று. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தூக்கிலிடப்பட்டார். முதல்நாள் நீதிமன்றத்தில் தாயின் கையைப் பற்றி விடைபெற்றார்.

போதைப்பொருள் கடத்தல் குற்றமல்ல என்று நாம் கூறவில்லை. போதைப்பொருளால் நாசமான குடும்பங்களை நாமும் அறிவோம். நாம் கேட்பது வேறு. அகப்பட்ட பொருளை மறைப்பது ஐந்து வயதுக் குழந்தையும் செய்வதல்லவா? மறைத்தான் என்பதால் அச்சம் இருந்தது என்று தெரியும். கூலியையும் கழுத்தையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தான் என்று அதிலிருந்து எப்படித் தெரியும்? கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் சுபாவம் இத்தகையோரிடம் அதிகம். ஆளுக்கு ஆள் கதை மாறுவது தந்திரமாகவே இருக்க வேண்டுமா? குறையின் அடையாளமாக இருக்கக் கூடாதா?

இப்படிக் கேட்பவர்கள் நாம் மட்டுமல்ல. 1972-ல் லண்டனில் நடந்த ஒரு கொலை வழக்கில் மூன்று இளையோர் வாக்குமூலம் கொடுத்துத் தண்டனை பெற்றனர். அவர்களில் ஒருவனுக்கு வயது 18. மனவளர்ச்சியோ எட்டு வயதுக்குரியது. 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த அநியாயம் தூண்டிய விசாரணைகளின் பலனாகவே, இத்தகையோரைப் போலீஸ் விசாரிக்கையில் பொறுப்பான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அங்கே நிலைபெற்றது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்றது. இவர்கள் செய்யாததையும் ஒப்புக்கொள்ளக்கூடும். வழக்கறிஞருக்குச் சரியாக விவரம் சொல்ல இயலாது. கூண்டில் நிற்கும் தோரணையைப் பார்த்து, வருத்தமே இல்லாதவன் என்று பிறர் எண்ணக்கூடும் என்று காரணங்களும் காட்டியது. 2014-ல் இன்னொன்றும் சொன்னது. பரிசோதனை எண்ணில் பிழை உண்டு. எழுபது என்று கோடு கிழித்து, ஒரு புள்ளி மேலே இருந்தால் சாவு என்பது நியாயமாகாது.

நம் மலேசியாவின் நிலை என்ன? தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவு, மனம் பேதலித்துத் தன் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய முடியாதவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. தற்காப்பு வாதம் செய்ய முடியாத மனநிலையில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்காணிக்கவும் வழி உண்டு. ஆனால் அறிவு வளர்ச்சி குன்றுவது வந்துபோகும் நோயல்ல. இவர்களில் பலருக்குத் தவறு என்ற சொல்லின் பொருள் தெரியும். தன்னை ஒருவன் பயன்படுத்துகிறான் என்பதுதான் தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

2023-ல் கட்டாய மரண தண்டனையை நாடாளுமன்றம் நீக்கியது; இன்று நீதிபதிக்குத் தேர்வு உண்டு. வரவேற்கிறோம். ஆனால் குறையை எடுத்துச் சொல்வார் இல்லையேல், நீதிபதி எதைப் பார்த்து இரங்குவார்?

ஆகவே நாம் கோருவது இது: எல்லாப் போலீஸ் நிலையங்களிலும், வாக்குமூலத்தின் முதல் வார்த்தை எழுதப்படும் முன்பே, இத்தகையோர் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் அமர வேண்டும். சிங்கப்பூர் 2013-ல் இதைச் சோதனையாகத் தொடங்கி, 2015-ல் எல்லாப் போலீஸ் பிரிவுகளுக்கும் விரிவாக்கியது. நல்ல ஏற்பாடு. நாகேந்திரன் பிடிபட்டது அதற்கு முன்பு.

அரசாங்கத்தைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி இருக்கலாமா? ஊர் சிரிக்கும் என்று பிள்ளையின் குறையை மூடிவைக்கிறோம். அந்த மூடிய கதவே பின்னாளில் அவனுக்குப் பகையாகிறது. சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை வாங்குங்கள். பள்ளிக்கூடத்து அறிக்கையையும் மருத்துவர் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கைதானவர் விசாரணைக்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. செய்தி வந்ததும் அந்தக் காகிதங்களோடு ஓடுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் இருக்கிறது. மலாயில் மனு எழுத வேண்டுமா? கிராணிமார்களே, உங்கள் பேனா அதற்குத்தான்!

கூலி உயர்வு கேட்டபோது நமக்காக ஒருவர் எழுந்து பேசினார். பேசத் தெரியாதவனுக்காகப் பேசுவதே சங்கத்தின் முதல் வேலை. அந்தப் பிள்ளை நம் லயத்துப் பிள்ளை, அவனுக்காகவும் எழுவோம்.