நாவிக்: மேலே போனது சரி, கையில் வந்ததா?

திருத்தணி மலையிலிருந்து நேர்கோடு போட்டால் ஸ்ரீஹரிகோட்டா சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கிருந்துதான் 2013 ஜூலை 1-ல் நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள் கிளம்பியது. நாவிக் எல்5, எஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும். கடையில் விற்கும் போன்களில் எல்5 வந்தது, எஸ் வரவில்லை. உடனே "வெளிநாட்டுக் கம்பெனி சதி" என்று கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க!

முதலில், எதற்கு இரண்டு? அயனமண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். அதிர்வெண்ணைப் பொறுத்துத் தாமதம் மாறும். இரண்டில் கேட்டால் வித்தியாசத்தை வைத்து அதைக் கழித்துவிடலாம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால் இந்தத் தொல்லை நமக்கு அதிகம்.

எல்5 என்பது 1176.45 மெகாஹெர்ட்ஸ், எஸ் 2492.028. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். வினையே இங்கேதான். ஆண்டெனாவையும் சர்க்யூட்டையும் பொருத்தக் கால் அலைநீளச் செப்புக் கோடு போடுவது வழக்கம். எல்5-க்குக் கால் அலைநீளமாக உள்ள கோடு எஸ்-ல் ஏறக்குறைய அரை அலைநீளம் ஆகிவிடும். அப்புறம் அந்தக் கோடு இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அதனால் வேறு வேறு அகலத்தில் இரண்டு துண்டாகப் போட்டு இரண்டுக்கும் பொருத்துகிறார்கள். (மான்சோன் என்பவர் 2003-லேயே இதற்குச் சூத்திரம் கொடுத்துவிட்டார்.)

கணக்கு தீர்ந்தது, காசு தீரவில்லை. வைஃபை முடிகிற 2483.5-ல்தான் எஸ் பட்டை ஆரம்பம். அதே போனின் வைஃபை பக்கத்தில் கத்தும்போது செயற்கைக்கோளின் முணுமுணுப்பைப் பிரித்தெடுக்க மிகக் கூர்மையான ஃபில்டர் வேண்டும். நாலு காசு கூடுதல் என்றாலும் கோடிப் போனால் பெருக்கிப் பாருங்கள். சதியே தேவையில்லை, செலவுக் கணக்கே போதும். 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01-ல் ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்1-ஐச் சேர்த்தார்கள். அதற்கான உதிரிபாகம் ஏற்கெனவே எல்லாப் போனிலும் இருக்கிறது.

அதற்காக எஸ்-ஐ மறந்துவிடலாமா? கூடாது. திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் படகில் வைக்கும் கருவிக்கு இடப் பஞ்சம் இல்லை, பெரிய ஆண்டெனாவும் வைக்கலாம். விலைதான் தடை. மேலே அனுப்பச் செலவழித்த அரசு, கீழே வாங்கும் அந்தச் சின்னப் பலகைக்கும் மானியம் கொடுக்கட்டும். பழவேற்காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.